மாப்பிள்ளையின் காருக்குக் கூரை தேய்த்த கதை

செஞ்சி வழியாக ஓடுகிற லாரிகளில் பாதிக்கு நான்தான் முகம் கொடுத்தவன். ஒடுக்கு எடுத்து, பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து வெளியே விட்டால் ஓனருக்கே தன் வண்டி எது என்று தெரியாது. ஒருத்தர் என் கடை வாசலில் நின்றுகொண்டு, "என் வண்டி எங்கப்பா?" என்று அந்த வண்டியின் மேலேயே சாய்ந்துகொண்டு கேட்டார். பொய் இல்லை. அவர் இன்னும் வல்லத்தில்தான் இருக்கிறார், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

நான் படித்தது அஞ்சாவது. அதுவும் முழுசாக இல்லை, மல்லாக்கொட்டை பிடுங்குகிற நாளெல்லாம் பள்ளிக்கூடம் கிடையாது. செஞ்சிக்கு வந்து லாரி கழுவினேன். கழுவின வண்டியைத் துடைத்தேன். துடைத்த வண்டியைத் தேய்த்தேன். இன்றைக்குத் திருவண்ணாமலை ரோட்டில் சொந்தக் கடை, சொந்தக் கம்ப்ரசர், கடைக்குப் பின்னால் மாடி வீடு. யாரும் தூக்கி விடவில்லை. நானே பிடித்து ஏறினேன்.

பெயிண்ட் அடிக்கிறது பெரிய வித்தை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது கடைசி நாள் வேலை. அதுக்கு முன்னால் தேய்க்கிறதுதான் வித்தை. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் ஊற வைத்து, பழைய ரப்பர் செருப்பில் வெட்டின துண்டில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். தேய்த்த இடத்தில் மெல்லிய துணியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் கைக்குத் தெரியாத மேடு பள்ளம் துணிக்கு மேலே தெரியும். கடைசியில் தண்ணீரை ஊற்றி, டியூப் லைட்டின் நிழல் அதில் கோடு மாதிரி நேராக விழுகிறதா என்று பார்ப்பேன். நெளிந்தால் மறுபடியும் தேய்ப்பு. எங்கள் ஊரில் மலை என்றாலே பாறையை அள்ளிக் கொட்டி வைத்த மாதிரிதான் இருக்கும். அதையே பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ எனக்கு வழவழப்பு மேல் அப்படி ஒரு பித்து.

எங்கள் தொழிலில் அசிங்கம் என்றால் அது மணல்தான். நிஜ மணல் இல்லை. ஸ்பிரே கன்னிலிருந்து கிளம்பின பெயிண்ட் வண்டியில் போய் உட்காருவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிட்டால் சொரசொரவென்று பொடியாக விழும். அதைத்தான் நாங்கள் மணல் என்போம். என் கடையில் ஒருத்தன் வேலை பார்த்தான். நல்ல பையன், ஆனால் அவசரக் கை. அவன் கன்னைப் பிடித்தால் வண்டி மேல் கேழ்வரகு காயப் போட்ட மாதிரி இருக்கும். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு ஸ்கூல் வேன் கூரையில் என் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வராதே என்று அனுப்பிவிட்டேன். அவன் நேராக ரோட்டைத் தாண்டி எனக்கு எதிரிலேயே கடை போட்டான். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. வணக்கம் சொல்லுவான், நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் பேச்சு.

இதெல்லாம் எதுக்குச் சொல்கிறேன் என்றால், என் மாப்பிள்ளை கொண்டு வந்த கார் அப்படி. அந்தக் கார் என் முழங்கை நீளம் கூட இல்லை.

வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை. ஆடி பிறந்ததும் முறைப்படி போய்ப் பெண்ணை அழைத்து வந்தோம். மாப்பிள்ளையும் விருந்துக்கு லீவு போட்டு வந்தார். வந்து இறங்கும்போதே என் பெண் என்னைத் தனியாக இழுத்தாள். "நைனா, அவர்கிட்ட லாரி கதைய ஆரம்பிச்சிடாத. மனுஷன் பயந்துடுவாரு" என்றாள். நான் அன்றைக்குச் சாயந்திரமே ஆரம்பித்துவிட்டேன். மாப்பிள்ளை மரியாதையானவர். எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா" என்பார். அதுதான் எனக்கு உறுத்தல். எத்தனை கதை சொன்னாலும் முகத்தில் ஒரு ஆச்சரியம் வரவில்லை. சரிங்க மாமா, சரிங்க மாமா. கரண்ட் ஆபீஸில் கம்ப்ளெயின்ட் சொன்ன மாதிரி இருந்தது.

அவர் பெட்டியோடு இன்னொரு அட்டைப் பெட்டியும் வந்திருந்தது. மாடி அறையில் மேஜை மேல் பிரித்து வைத்தார். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு கார், துண்டு துண்டாக. சீட்டு, ஸ்டியரிங், பம்பர், வீல், எல்லாம் கொலுசு மணி மாதிரி ஒரு சட்டத்தில் கோர்த்திருந்தது. வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துக் காராக்க வேண்டுமாம். பொம்மையா என்று கேட்டேன். "பொம்மை இல்லீங்க மாமா, மாடல் கிட்டு" என்றார். வந்ததிலிருந்து என்னை மறுத்து அவர் பேசின முதல் வார்த்தை அதுதான்.

விஷயம் இது. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி, வாலிபத்திலிருந்து ஒரு ரைஸ் மில் ஓனருக்கு டிரைவர். அந்த ஓனர் மெட்ராஸில் யாரோ வெளிநாட்டுக்காரரிடம் வாங்கின கப்பல் மாதிரி ஒரு காரைத்தான் சம்பந்தி ஓட்டினார். காரும் போய்விட்டது, மில்லும் போய்விட்டது, சம்பந்தி வாயிலிருந்து அந்தக் கார் மட்டும் போகவில்லை. சொந்தமாக அவர் சைக்கிளுக்கு மேல் எதுவும் வாங்கினதில்லை. ஆவணியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அன்றைக்கு அதே காரைச் சின்னதாகச் செய்து அப்பா கையில் கொடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. அப்பா கண்ணில் படக் கூடாது என்றுதான் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார். அந்த மாடல் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லையாம். போனிலேயே உலகம் பூராவும் தேடி, ஏதோ ஒரு தேசத்தில் ஒருத்தர் பரணில் போட்டு வைத்திருந்ததை வாங்கியிருக்கிறார். இன்னொன்று வேண்டும் என்றால் கிடையாது.

இவ்வளவையும் நான் காது கொடுத்துக் கேட்டேன். இதுக்கு மேலும் ஒன்று சொன்னாராம். அப்போது நான் ஒரு டேங்கர் லாரிக்குப் பட்டி பார்த்த கதைக்குள் போய்விட்டிருந்தேன்.

ஆடி வெள்ளி. என் சம்சாரமும் பெண்ணும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். போகும்போது வடை பாயசத்தோடு சமைத்து வைத்துவிட்டுத்தான் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன். போதும் போதும் என்று சொல்லத் தெரியாத மாப்பிள்ளை. சாப்பிட்டவர் ஹாலில் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார்.

நான் மாடிக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான் போனேன்.

கார் உடம்பு ஒரே துண்டாக இருந்தது. கையில் எடுத்தேன். பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல முடியாது. கதவெல்லாம் கண்ணாடி. பானட் கண்ணாடி. அப்படியே விரலை மேலே ஓட்டினேன். கூரை வந்ததும் விரல் நின்றுவிட்டது.

மணல். கூரை முழுக்க மணல். பொடிப்பொடியாக, சொரசொரவென்று, ஒரு இடம் விடாமல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சந்தேகமே இல்லை. எவனோ அவசரக் கைக்காரன் செய்த வேலை. வெளிநாட்டிலும் இருக்கிறான்கள் போலிருக்கிறது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காலையில் மாப்பிள்ளை லென்ஸை வைத்துக்கொண்டு அந்தக் கூரையையே பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார். பாவம், அப்பாவுக்குக் கொடுக்கிற பொருளில் இப்படி ஒரு குறை. மரியாதைக்கார மனுஷன், என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார்.

அவர் கேட்க வேண்டுமா? மாப்பிள்ளை எழுந்து வந்து பார்க்கும்போது வாய் பிளக்க வேண்டும். சரிங்க மாமாவுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

கடைக்குப் போய் வாட்டர் பேப்பர் எடுத்து வந்தேன். கூரையைச் சுற்றி மெல்லிசாக ஒரு கம்பிக் கோடு மாதிரி விளிம்பு எழும்பி இருந்தது. அது தேயக் கூடாது என்று அதன் மேல் டேப் ஒட்டினேன். தொழில் தெரியாதவன் அதையும் சேர்த்துத் தேய்த்திருப்பான். செருப்புத் துண்டைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டினேன். அதுவும் பெரிசாக இருந்தது, இன்னும் பாதியாக வெட்டினேன். லாரித் தகரத்துக்குக் கொடுக்கிற அழுத்தம் பிளாஸ்டிக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைக்கு முதுகு தேய்க்கிற மாதிரி தேய்க்க வேண்டும். ஒரே திக்கில் தேய்த்தால் கோடு விழும் என்று முதலில் நீளவாக்கில், அப்புறம் குறுக்கே. நானூறு நம்பர் பேப்பரில் மணல் பறந்தது. அறுநூறில் கீறல் போனது. ஆயிரத்தில் பால் மாதிரி ஆனது. ரெண்டாயிரத்தில் நான் என்னத்தைச் சொல்ல? கைக்குட்டையைப் போட்டுக் கண்ணை மூடி ஓட்டினேன். ஒன்றுமில்லை. தண்ணீர் விட்டு லைட்டுக்குக் காட்டினேன். அந்தக் குட்டிக் கூரையில் டியூப் லைட் நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமான கூரையை நான் தேய்த்ததில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வேலையில் ஒரு குறை கிடையாது.

மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தார். நான் காரைத் தட்டில் வைத்து நீட்டினேன். தாம்பூலம் மாதிரி.

வாய் பிளந்தார். ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

கூரையில் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "மாமா, அது ரெக்ஸின்" என்றார்.

"எது மாப்ள ரெக்ஸின்?"

"கூரை மாமா. அந்தக் காருக்குத் தகரத்து மேல கருப்பு ரெக்ஸின் ஒட்டி இருக்கும். அந்தச் சொரசொரப்பு அதுக்காகத்தான். முந்தாநாள் சொன்னனே மாமா. நீங்க டேங்கர் லாரிக்குப் பட்டி வச்சிட்டு இருந்தீங்க."

கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "அப்பா அந்த ரெக்ஸினுக்குத்தான் தினம் தேங்கா எண்ணெ போட்டுத் துடைப்பாரு. காருன்னாலே அவருக்குக் கூரைதான் ஞாபகம்" என்று சொல்லிவிட்டு, வழவழவென்று இருந்த கூரையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். காலையில் உச்சுக் கொட்டினது குறைக்காக இல்லை, அழகுக்காக.

சாயந்திரம் பெண்கள் குங்குமமும் கையுமாக வந்தார்கள். என் பெண் காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். "இன்னா நைனா பண்ணி வச்சிருக்க?" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. என் சம்சாரம், "ஊர்ல ஓடற லாரி பத்தலன்னு பொம்ம காருக்கும் போய்ட்டீங்களா?" என்றாள். பொம்மை இல்லை கிட்டு என்று நான் திருத்தினேன்.

மறுநாள் காலையிலிருந்து ஆளுக்கொரு யோசனை. என் பெண் ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற கருப்புத் துணியை அளவாக வெட்டி வைத்துப் பார்த்தாள். கார் ரவிக்கை போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளையே அந்த டென்ஷனிலும் சிரித்துவிட்டார். சம்சாரம் முகப் பவுடரைப் பெயிண்டில் கலக்கச் சொன்னாள். கலந்தால் களி ஆனது. மாப்பிள்ளை போனில் தேடி, இப்படி அழிந்துபோன சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவர பெயிண்ட்டைத் தூரத்திலிருந்து காய்ந்த பொடியாக விழ வைப்பது ஒரு வழி என்று படித்துச் சொன்னார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அதுக்கு எங்க தொழில்ல பேரு மணல் மாப்ள. கார எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க."

தின்னர் மட்டும் கிட்டே வரக் கூடாது, பிளாஸ்டிக் உருகிவிடும் என்று மாப்பிள்ளை கண்டிஷன் போட்டார். பெயிண்டும் அவருடையதுதான், மருந்து பாட்டில் அளவில் ஒரு கருப்பு. என்னிடம் டச்சப் பண்ணுகிற சின்ன கன் இருந்தது. முதலில் ஐஸ்கிரீம் டப்பா மூடியில் அடித்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அடித்தேன். வழவழவென்று விழுந்தது. இன்னொரு மூடி. அதுவும் வழவழ. மூன்றாவது மூடியில் முகம் பார்க்கலாம். எவ்வளவு தூரம் தள்ளி நின்றாலும், டிரிக்கரை அமுக்கின உடனே என் கை தானாகக் கிட்டே போய்விடுகிறது. இத்தனை வருஷம் எது வரவே கூடாது என்று கையைப் பழக்கினேனோ அதை ஒரு காலையில் வா என்றால் வருமா? வரிசையாக மூடிகள் பளபளத்தன. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்குது மாமா" என்றார், சோகமாக.

வேறு வழியில்லை. ரோட்டைத் தாண்டினேன். பஸ், லாரி எல்லாம் நின்று எனக்கு வழி விட்ட மாதிரி இருந்தது. அந்தக் கடை வாசலில் நான் கால் வைத்ததே இல்லை. அவன் ஒரு குட்டியானை வண்டிக்குப் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் கம்ப்ரசரை நிறுத்தினான்.

"காது சரியா கேக்கல மேஸ்திரி. இன்னா வேணும்?"

"மணல் வேணும்."

"நான் அடிச்சா விழுமே, அந்த மணலா?"

"அதாண்டா."

"அதுக்குத்தான என்ன வேலய விட்டு அனுப்பிச்சீங்க."

"அனுப்பிச்சதாலதான இன்னிக்கு ஓனரா நிக்கற. கிளம்பு."

அவன் வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பினான். என் கடைக்கு வந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்து டீ சொல்லச் சொன்னான். சொன்னேன். பொறுமையாகக் குடித்தான். என் மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "சே, என்னா அழகா அடிச்சி கெடுத்து வச்சிருக்கீங்க" என்றான்.

ரகசியத்தை அவன் மாப்பிள்ளையிடம்தான் சொன்னான், என்னிடம் இல்லை. உச்சி வெயில் வர வேண்டும். பெயிண்ட் கெட்டியாக இருக்க வேண்டும். காற்று ஜாஸ்தி, பெயிண்ட் கம்மி. கன் இங்கே என்றால் பொருள் அங்கே இருக்க வேண்டும். முக்கியமாக, அடிக்கிறவன் மனசு வேலையில் இருக்கக் கூடாது, சாப்பாட்டுக்குப் போகிற நினைப்பில் இருக்க வேண்டும். அவனே அடிக்கட்டும் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் அழித்ததை நான்தான் கொண்டுவருவேன். கடைசியில் ஏற்பாடு இப்படி ஆனது. கன்னை நான் பிடிப்பேன். அவன் பின்னால் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொள்வான்.

மத்தியானம், கடை வாசல், நல்ல வெயில். கதவும் பானட்டும் பேப்பர் சுற்றி, கூரை மட்டும் திறந்த காரை ஸ்டூல் மேல் வைத்தோம். நான் டிரிக்கரை அமுக்கினேன். கை கிட்டே போகப் பார்த்தது. அவன் இழுத்தான். மறுபடியும் போனது, மறுபடியும் இழுத்தான். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இருந்திருக்கும் பார்க்கிறவனுக்கு. ரோட்டில் போனவர்கள் ரெண்டு எதிரிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். "மேஸ்திரி, பிரியாணி நெனைங்க" என்று அவன் காதில் சொன்னான். நினைத்தேன். கன்னைப் பிடித்த என் கை லேசாகத் தளர்ந்தது. கருப்புப் பொடி காற்றில் காய்ந்து, மெதுவாகப் போய்க் கூரை மேல் படிந்தது. டேப் ஒட்டிக் காப்பாற்றின அந்த விளிம்புக்கு உள்ளே, வெட்டி ஒட்டின மாதிரி, கருகருவென்று மணல்.

மாப்பிள்ளை லென்ஸை வைத்துப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"மாமா, இது எப்டி மாமா!" என்றார். சரிங்க மாமாவுக்குப் பதிலாக அவர் வாயிலிருந்து வந்த முதல் ஆச்சரியம். அதுவும் நான் வெட்கப்படுகிற வேலைக்கு.

ஆவணியில் அறுபதாம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சம்பந்தி கையில் மாப்பிள்ளை பெட்டியைக் கொடுத்தார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தவன், எப்போது எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன் என்று எனக்கே தெரியாது. சம்பந்தி பெட்டியைத் திறந்தார். கதவைப் பார்க்கவில்லை, வீலைப் பார்க்கவில்லை. கட்டை விரலை நேராகக் கூரையில் வைத்தார். முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை ஓட்டினார். பிறகு தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, விரலில் சுற்றி, கூரையைத் துடைக்க ஆரம்பித்தார். முன்னாலிருந்து பின்னால், முன்னாலிருந்து பின்னால். குறுக்கே ஒரு தடவை கூடத் துடைக்கவில்லை. ரெக்ஸினை அப்படித்தான் துடைக்க வேண்டுமாம்.

"எண்ணெ இருக்குதா?" என்று சம்பந்தியம்மாளைப் பார்த்துக் கேட்டார். சபையே சிரித்தது. அவரும் சிரித்தார், கண் மட்டும் ஈரமாக இருந்தது.

மாப்பிள்ளை என்னைக் காட்டி, "கூரை மாமா அடிச்சதுப்பா" என்றார். முழங்கை சமாச்சாரத்தை அவர் சொல்லவில்லை. மரியாதைக்காரர் என்று சொன்னேன் இல்லையா.

சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தினியோ பெயிண்டருங்கள பாத்திருக்கேன். இப்டி ஒரு வேலைய பாத்ததில்ல" என்றார்.

இந்த மாதிரி ஒரு இடம் கிடைத்தால் சாதாரணமாக நான் டேங்கர் லாரியிலிருந்து ஆரம்பிப்பேன். அன்றைக்கு எனக்கு வாயில் உண்மைதான் வந்தது.

"சம்பந்தி, என் சர்வீஸ்லயே மட்டமா அடிச்சது இதுதாங்க. இதவிட மோசமா அடிக்க என்னால ஆவாது."

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாருங்கய்யா. இவ்ளோ பெரிய தொழில்காரரு, எவ்ளோ தன்னடக்கம்!" என்றார்.

என் வாழ்நாளில் என்னை அந்த வார்த்தை சொன்னவர் அவர் ஒருத்தர்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினவனுக்குத் தன் சம்சாரத்தின் சிரிப்பு தெரியாதா?